லயத்துக் காம்பராவும் விடுதி அறையும்

கல்வியின்பொருட்டு வீட்டைப் பிரிந்து செல்லுதல் தமிழர்க்குப் புதியதொரு வழக்கன்று. தலைவன் பிரிவதற்குரிய காரணங்களை எண்ணும் தொல்காப்பியம் ஓதலையும் அவற்றுள் ஒன்றாக வைக்கின்றது. அவ்வாறு பிரியும் காலம் மூன்று ஆண்டைக் கடத்தலாகாது எனக் கற்பியலில் ஓர் எல்லையும் வகுக்கின்றது. பெண்டிரை உடனழைத்துக் கடல் கடத்தல் வழக்கில் இல்லை என்பது அந்நூல் தரும் இன்னொரு குறிப்பாகும். ஆயினும் பிரிவுக்கு இலக்கணம் வகுத்த அந்நூல், சென்ற இடத்தில் தங்குவதற்கு இலக்கணம் வகுத்ததில்லை. அகப்பாடல்களின் கவனம் பெரும்பாலும் வீட்டில் காத்திருப்பவள்மீதே நிலைத்தமையால், ஓதச் சென்றவன் எவ்விடத்து உறைந்தான், எவர் சமைத்ததை உண்டான், முதலிரவு எவ்வாறு உறங்கினான் என்பன சொல்லப்படாமலே போயின.

இக்காலத்தில் பிறநாடு சென்று கற்கும் மாணவர்க்கு இவையே முதல் வினாக்களாக அமைகின்றன. பாடமும் பேராசிரியரும் நூலகமும் பின்னரே வருவன. விமானத்திலிருந்து இறங்கியவனுக்கு முதலில் வேண்டப்படுவது ஒரு கட்டில், ஒரு வாளி, ஒரு பூட்டு, பசிக்கு ஒருவேளை உணவு. விடுதியில் குடியமர்தல் என்பது எவர்க்கும் பொதுவானதோர் அனுபவமே. எனினும், ஒருவன் எத்தகைய இல்லத்திலிருந்து புறப்பட்டு வந்தான் என்பதைப் பொறுத்தே அவ்வனுபவத்தின் பொருள் வேறுபடும். ஊவா மாகாணத்தின் வெலிமடைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து, தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதியொன்றை அடையும் மாணவனை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவன் தனியொருவன் அல்லன். அவ்வழி சென்ற பலருக்கும் பொதுவான ஒரு வடிவம் அவன்.

வெலிமடை 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலே, உமா ஓயாவின் படுகையை அண்டிக் கிடக்கும் ஊர். நுவரெலியாவிலிருந்து ஹக்கலை வழியாக இறங்கும் பாதையும், பண்டாரவளையிலிருந்து வரும் பாதையும், பதுளைப் பாதையும் அங்கு வந்து கூடுகின்றன. பள்ளத்தாக்கிலே படிப்படியாக அமைந்த நெல்வயல்களும், உருளைக்கிழங்கு, கோவா, போஞ்சி விளையும் தோட்டங்களும் காணப்படும். மேலே சரிவுகளில் தேயிலை. ஆடி, ஆவணி மாதங்களில் மலைகளைத் தாண்டி வரும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிமணம் என்ற பெயரை ஈட்டிக் கொடுக்கின்றது. அதே காற்று லயத்துத் தகரக் கூரைகளையும் இரவெல்லாம் உலுக்கிக்கொண்டிருக்கும். மணத்தை ஏலத்தில் எடுப்போர் ஒரு பக்கம். ஓசையைக் கேட்டுக்கொண்டு படிப்போர் மறுபக்கம்.

லயத்து வீட்டின் அமைப்பை அறியாதோர்க்கு அம்மாணவன் விடுதியறையில் அடையும் வியப்பு விளங்காது. ஒரே கூரையின்கீழ் வரிசையாகவோ முதுகோடு முதுகாகவோ அமைந்த அறைகளே லயம் எனப்படும். ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவில் ஒரு காம்பரா; அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. அக்காம்பராவே படுக்கையறை, அதுவே களஞ்சியம், மூலையில் சாமி படம் இருப்பதால் அதுவே பூசையறையும் ஆகும். அடுப்பு இஸ்தோப்பில் எரிந்தாலும் புகை உள்ளேதான் தங்கும். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டார் இருமுவதும், அதற்கடுத்த வீட்டுக் குழந்தை அழுவதும் கேட்கும். அங்கே ஒருவன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கவேண்டுமாயின், வீட்டார் அனைவரும் உறங்கிய பின்னர் படித்தல் வேண்டும். அல்லது பெரட்டுக்குச் செல்லத் தாய் எழும் வேளையிலே தானும் எழுதல் வேண்டும். அவன் படிப்பதற்காக விளக்கை எரியவிடுதல் மற்றையோரின் உறக்கத்திலிருந்து கடன் பெறுவதற்கு ஒப்பாகும். அக்கடனை எவரும் வாய்திறந்து கேட்பதில்லை. ஆதலினாலேயே அதன் பாரம் மிகுதி.

இடமின்மையினும் பெரிய குறையொன்று உண்டு. அது முகவரியின்மை. தோட்ட மக்களுட் பெரும்பாலார்க்கு வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் கொண்ட தனி முகவரி இருந்ததில்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். தோட்ட அலுவலகத்தில் தங்கும். பின்னர் எவரேனும் கையில் கொடுத்தனுப்ப லயத்தை அடையும். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்தபின் கைக்கு வந்தமையால் வாய்ப்பை இழந்தோர் கதை தோட்டந்தோறும் ஒன்றாவது வழங்குகின்றது. அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுந்துள்ளன. இந்திய அரசு முன்னைய 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகளைக் கட்டித்தருவதாக 2017இல் அறிவித்தது. எனினும் லயங்கள் மறைந்துவிடவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. உடைமை பலமுறை மாறியும் காம்பராவின் நீள அகலம் மாறவில்லை.

இத்தகைய இல்லத்திலிருந்து புறப்படும் மாணவனுக்கு முதற் பயணம் கடல் கடந்ததன்று. பண்டாரவளையிலோ பதுளையிலோ உள்ள பெரிய பாடசாலையில் உயர்தரம் கற்பதற்காக உறவினர் வீட்டின் மூலையொன்றில் பாயை விரிப்பதே அவனது முதற் குடியமர்வு. 1940களில் தோற்றுவிக்கப்பட்ட இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் போன்றவை அளிக்கும் உதவித்தொகை அங்கு அவனுக்குத் துணையாகலாம். பின்னர், இந்திய அரசு இலங்கை மாணவர்க்கு வழங்கும் நேரு நினைவுப் புலமைப்பரிசில், மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதலியவற்றுள் ஒன்றுக்கு விண்ணப்பித்து அது கிடைத்துவிடின், தோட்டமே விழாக்கோலம் பூணும். கோயில் பூசாரி திருநீறு கொடுப்பார். பிள்ளைக் காம்பராவில் அவனைச் சிறுவயதில் பார்த்துக்கொண்ட ஆயம்மா வந்து தலையைத் தடவிச் செல்வாள்.

மகிழ்ச்சி கடவுச்சீட்டு விண்ணப்பத்தோடு சற்றே தணியும். பிறப்புச் சான்றிதழில் ஒருவகை எழுத்து, பாடசாலைப் பதிவேட்டில் இன்னொரு வகை, தந்தையின் அடையாள அட்டையில் வேறொரு வகையெனப் பெயர்கள் முரண்பட்டு நிற்கும். பிற மொழியாளர் ஒருவர் காதில் விழுந்தவாறு எழுதிக்கொண்ட தாத்தாவின் பெயர், மூன்றாந் தலைமுறையில் ஒருவனைப் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்குமாக அலையவைக்கும். பெட்டி கட்டுவதற்கு முன்னரே ஒருவன் தான் தானே என நிறுவவேண்டியவனாகின்றான்.

பயணத்தைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட வான்வழி. ஆயின் அதே கடலை எதிர்த்திசையில் கடந்தோரை நினைத்துப் பார்த்தல் தகும். 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே நூறு மைலுக்கும் அதிகமான தூரம் நடந்து மாத்தளையை அடைந்தனர். ஊவாவுக்கு வந்தோர் அதற்கப்பாலும் மலையேறினர். பெண்டிரோடு கடல் கடத்தல் இல்லை என்ற வழக்கை வறுமை அங்கே உடைத்தது. மனைவியும் கைக்குழந்தையும் உடன் வந்தனர். வழியிலே மாண்டோர் பலர். 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் கால்நடையாக வந்த நெடுவழியை வழித்தோன்றல் ஒருவன் இருக்கைப்பட்டியை இறுக்கிக்கொண்டு கடந்துவிடுகின்றான். காலம் சுருங்கிற்று; தொலைவு சுருங்கிற்றா என்பது விடுதியை அடைந்த பின்னரே தெரியவரும்.

விடுதியில் அவனுக்கு ஓர் அறை காட்டப்படும். இருவர்க்கோ மூவர்க்கோ உரியது. ஆளுக்கொரு இரும்புக் கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் பதித்த ஓர் அலுமாரி. நகரத்து மாணவன் அவ்வறையைக் கண்டு முகஞ்சுளிப்பான்; மின்விசிறி ஓசையிடுகிறது என்பான்; சன்னல் சிறிது என்பான். வெலிமடையிலிருந்து வந்தவன் மேசையையே நோக்கிக்கொண்டிருப்பான். அவன் வாழ்நாளில் தனக்கென அமைந்த முதல் மேசை அது. நூலை விரித்துவைத்துவிட்டு எழுந்து சென்று மீளும்போது அந்நூல் விரித்தபடியே கிடக்கும் என்பது அவனுக்குப் புதிய செய்தி. லயத்தில் சோற்றுக்கோப்பை வைப்பதற்காக எந்த நூலும் மூடப்பட்டே ஆகவேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இவ்வியப்பு வேறோரிடத்தில் நேரும். கொழுந்து பறித்து மீளும் தாயோடும் அயலாரோடும் பீலியில் வரிசை காத்து, உடுத்த துணியோடு குளித்துப் பழகியவளுக்கு, உள்ளிருந்து தாழிடக்கூடிய குளியலறையே விடுதியின் முதற்கொடை. கல்வி ஒரு பெண்ணுக்கு அளிக்கும் விடுதலையைப் பெரிய சொற்களால் பேசுவது வழக்கம். அவ்விடுதலை சிலவேளை ஒரு தாழ்ப்பாளின் வடிவிலும் வந்து சேர்கின்றது.

புதிய இடத்துப் பழக்கங்களை எவரும் எடுத்துக் கூறாமையால் விளையும் இடர், மேதைகளையும் விட்டுவைத்ததில்லை. 1914இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்ற கணிதமேதை இராமானுஜன், குளிர்காலத்தில் மேலங்கியை அணிந்து சால்வையையும் போர்த்துக்கொண்டே உறங்கிவந்தார். நண்பராகிய மகலனோபிஸ் ஒருநாள் அவரது கட்டிலைப் பார்வையிட்டார். கம்பளிகள் யாவும் படுக்கையின் ஓரங்களில் ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தன. இராமானுஜன் அவற்றின்மேல் படுத்து வந்திருக்கின்றார். அவற்றை விலக்கி உள்ளே புகுந்து உறங்குதல் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 1888இல் இலண்டன் சென்ற காந்தி, மரக்கறி உணவு கிடைக்குமிடம் தேடி வீதிவீதியாக அலைந்து, இறுதியில் பாரிங்டன் வீதியில் ஓர் உணவகத்தைக் கண்டடைந்தார். எண்களின் இரகசியங்களை அறிந்தவனுக்கும் கம்பளியின் இரகசியத்தைச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். கேட்பதற்குக் கூசாத மனமும், கேளாமலே சொல்லும் நண்பனும் வாய்த்தால் குடியமர்வில் பாதி நிறைவேறிவிடும்.

வெலிமடை மாணவனின் இடர் இராமானுஜனுடையதற்கு நேர்மாறானது. குளிரில் பிறந்தவன் வெயிலுக்குள் வருகின்றான். தாய் பெட்டியின் அடியில் மடித்துவைத்த கம்பளி சென்னையில் பயன்படுவதில்லை. முதற் கோடையின் இரவுகளில் அவன் சீமெந்துத் தரையில் நீர் தெளித்துப் படுப்பான். தேநீர் விடயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. உலகுக்குத் தேயிலை அனுப்பும் மலையிலிருந்து வந்தவனுக்கு, பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்த தேநீரே எங்கும் கிடைக்கும். உள்ளங்கையில் சிறிது சீனியை வைத்துக் கடித்துக்கொண்டு அருந்தும் சாயத் தண்ணியை அவன் கேட்டால், கடைக்காரர் நோயாளிக்கா என வினவுவார். காலையில் ரொட்டியும் சம்பலும் உண்டு பழகியவனுக்கு இட்டிலியும் சாம்பாரும் ஒரு மாதத்தில் பழகிவிடும். தேங்காய்ச் சம்பலின் உறைப்பு மட்டும் கனவில் வரும்.

மொழியில் நிகழ்வது இவற்றினும் நுட்பமானது. அறைத்தோழன் முதல்நாளில் ஊர் எதுவென வினவுவான்.

“வெலிமடை. சிலோன்ல, பதுளைப் பக்கம்.”

“அப்படியா? பேச்சு எங்க ஊரு மாதிரியே இருக்கே! சிலோன் தமிழ்னா வேற மாதிரியில்ல இருக்கும்?”

தமிழ்நாட்டார் இலங்கைத் தமிழ் என அறிந்திருப்பது பெரும்பாலும் யாழ்ப்பாணப் பேச்சையே. தோட்டத்துப் பேச்சு காவிரிக் கரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற பேச்சு. சிங்களச் சொற்கள் சில கலந்திருப்பினும் ஓசை மாறவில்லை. ஆதலின் வாய் திறந்தால் அவன் உள்ளூரான். வகுப்பில் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினாலோ அவன் வெளியூரான் ஆகிவிடுகின்றான். அவன் கற்ற பௌதிகவியல் இங்கே இயற்பியல், அவனது இரசாயனவியல் இங்கே வேதியியல், கேத்திரகணிதம் வடிவியலாகியுள்ளது. கொப்பி நோட்டாகவும், சவர்க்காரம் சோப்பாகவும் மாறியுள்ளன. தாய் தந்த தமிழ் இந்தியாவினதாகவும், பாடசாலை தந்த தமிழ் இலங்கையினதாகவும் இருக்கக் காண்கின்றான். இரண்டும் தன்னுடையவையே என உணர்வதற்குச் சில காலம் செல்லும்.

இவை அனைத்தினும் கடினமானது விடுதி அலுவலகத்தில் தரப்படும் ஒரு படிவம். அதில் இரண்டு நிரல்கள் அடுத்தடுத்து இருக்கும்: நாட்டுரிமை, சொந்த ஊர். ஏனைய வெளிநாட்டு மாணவர்கள் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் நிரப்புவர். தோட்டத்து மாணவனின் பேனை இரண்டாவது நிரலில் சற்று நிற்கும். லயத்திலே ‘சொந்த ஊர்’ என்ற சொற்றொடர்க்கு வேறு பொருள் உண்டு. அது திருச்சிக்கோ சேலத்துக்கோ அணித்தாயுள்ள, வீட்டில் எவரும் கண்டிராத ஒரு சிற்றூரின் பெயர். அப்பாயி அதனைச் சொல்லிக்கொண்டேயிருப்பாள். கலியாணப் பேச்சில் அது விசாரிக்கப்படும். வெலிமடை பிறந்த ஊர். ‘சொந்த ஊர்’ கடலுக்கு இப்பால். இப்பொழுது இப்பாலேயே வந்து அமர்ந்திருப்பவன் எதனை எழுதுவான்?

தயக்கம் அவனுடைய மனப்பலவீனத்தால் விளைந்ததன்று, சட்டங்களால் விளைந்தது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலிருந்தே அவனுடைய மக்கள் ‘இந்தியத் தமிழர்’ எனத் தனியாகக் கணக்கிடப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்வதற்கு. அவ்வெச்சத்தையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களின் பின்னரே நாடற்ற நிலை இலங்கையில் முடிவுக்கு வந்தது. மாணவனின் பாட்டன் பிறந்த மண்ணிலேயே பல்லாண்டுகள் அந்நியனாகக் கருதப்பட்டவன். எந்நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாத அந்நியன். பேரன் பாட்டனின் ‘சொந்த ஊர்’ இருக்கும் நாட்டில் அந்நியன். ஆனால் கையில் கடவுச்சீட்டு உள்ள அந்நியன்.

இவ்விரு அந்நியத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகும். 180 நாள்களுக்கு மேற்பட்ட விசாவுடன் இந்தியாவுக்கு வரும் மாணவன் 14 நாள்களுள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் தன்னைப் பதிவுசெய்தல் வேண்டும். பலர் இதனைச் சலிப்பூட்டும் சடங்காகக் கருதுவர். வெலிமடை மாணவன் அப்பதிவைச் செய்யும்போது, விடுதியின் பெயர், கட்டடம், அறை இலக்கம் ஆகியவற்றைத் தன் பெயர்க்கு நேரே எழுதுகின்றான். கடிதம் அவன் பெயருக்கு வரும்; அவன் கைக்கே வரும். நாட்டுக்கு அந்நியனான பின்னரே அவனுக்கு ஒரு முழு முகவரி கிடைத்துள்ளது. அந்நியன் எனப் பதியப்படுதல் அவமானமன்று; பதியப்படாமலே அந்நியனாக வைக்கப்படுதல்தான் அவமானம். இதனை அவன் எந்த நூலிலும் கற்கவில்லை. ஒரு படிவத்தை நிரப்பியபோது கற்றான்.

முதலாம் விடுமுறை அவனுக்கு இன்னொரு பாடத்தை வைத்திருக்கும். பொங்கலுக்கு விடுதி வெறுமையாகும். பெட்டிகளோடு எல்லோரும் புறப்பட்டுச் செல்ல, நீண்ட தாழ்வாரத்தில் வெளிநாட்டு மாணவர் சிலரே எஞ்சுவர். சமையற்கூடமும் மூடப்படலாம். வெலிமடை மாணவனுக்குச் செல்ல ஓரிடம் இருத்தல் கூடும். ஒப்பந்தத்தின்படி 1970களில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய உறவினர் நீலகிரியில், கோத்தகிரியிலோ கூடலூரிலோ வாழ்ந்துகொண்டிருப்பர். ‘தாயகம் திரும்பியோர்’ என்பது அவர்களுக்கு அரசு இட்ட பெயர். தாம் கண்டேயிராத இடத்துக்குத் திரும்பியவர் அவர். அவர்களுக்கு வேலையளிப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களே 1976இல் ஒரு கழகமாக உருப்பெற்றன.

பேருந்து மலையேற ஏற அவனுக்குக் குளிர் பழகிய குளிராகத் தோன்றும். வளைவுகளும், தேயிலைச் சரிவுகளும், வரிசை வீடுகளும் தெரிந்தவையாக இருக்கும். சென்னையில் பயன்படாதிருந்த கம்பளி அங்கே பிரிக்கப்படும். பாட்டியின் தங்கை அவனுக்குக் கையில் சீனியும் சாயத் தண்ணியும் கொடுப்பாள். ஹப்புத்தளைக் கோயில் திருவிழாவைப் பற்றி அவள் கேட்பாள். இறந்தோர் பெயர்களை ஒவ்வொன்றாக விசாரிப்பாள். அரை நூற்றாண்டு கழிந்தும் அயலார் அவ்வீட்டாரைச் ‘சிலோன்காரர்’ என்றே குறிப்பிடுவதையும் அவன் கேட்பான். இலங்கையில் இந்தியத் தமிழர், இந்தியாவில் சிலோன்காரர். ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டோர், எந்நாட்டுப் பங்கில் விழுந்தாலும் மற்ற நாட்டின் பெயராலேயே அழைக்கப்படுகின்றனர்.

தமிழ்நாட்டில் அவன் சந்திக்கும் இலங்கையர் இவர்கள் மட்டுமல்லர். 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வடக்கே சென்று, அங்கிருந்து போரினால் கடல் கடந்தோரின் பிள்ளைகளும் அவனது வகுப்பிலே இருத்தல் கூடும். அவர்கள் வாழும் முகாம்களுக்கு 2021இல் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றப்பட்டது. ஒரே மலையில் வேர்கொண்ட மூவர் ஒரே கல்லூரியில் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணலாம்: ஒருவன் தாயகம் திரும்பியோரின் பேரன், ஒருவன் அகதி, ஒருவன் வெளிநாட்டு மாணவன். மூன்றாமவனுக்கே திரும்பிச் செல்வதற்கு ஒரு நாளும் ஒரு பயணச்சீட்டும் உண்டு. தன் தனிமையைப் பெரிதாக எண்ணியிருந்தவன் அம்மேசையில் அதன் அளவை அறிந்துகொள்வான்.

தனிமை இல்லையென்பது இதன் கருத்தன்று. எண்மர் உறங்கும் காம்பராவில் வளர்ந்தவனுக்கு, அறைத்தோழனும் ஊர் சென்றுவிட்ட இரவின் அமைதி அச்சந் தருவது. சுவருக்கு அப்பால் இருமலில்லை, குழந்தையின் அழுகையில்லை. படிப்பதற்கு வேண்டுமென்று ஏங்கிய அமைதி கிடைத்தபோது அதனுள் படிக்க இயலவில்லை. இலங்கையிலேயே பேராதனை விடுதிகளுக்குச் சென்ற மலையக மாணவரும் இதனை அறிவர். தொலைபேசியில் தாயின் முகம் தோன்றும். அவள் தோளுக்குப் பின்னே அதே காம்பரா, அதே கொடி, கொடியில் அதே கொங்காணி. “நல்லா தூங்குறியா சாமி?” என அவள் கேட்பாள். தனக்குத் தனிக்கட்டில் உண்டெனச் சொல்வதற்கு அவனுக்கு நாக் கூசும். பெற்ற வசதி பிறர்க்கு இல்லாதபோது அவ்வசதியும் ஒரு சுமையே.

ஆயினும் அச்சுமையை இறக்கிவைக்க விழைதல் தகாது. விடுதியில் செவ்வனே குடியமர்தல் என்பது வந்த இடத்தை மறந்து சென்ற இடத்தில் கரைந்துவிடுதல் எனச் சிலர் கருதுவர். சென்ற இடத்தை வெறுத்து வந்த இடத்தையே எண்ணி ஏங்குதலை வேறு சிலர் பற்றென்பர். இரண்டும் பிழையே. தன் பெயர் எழுதிய கதவு, தன் கைக்கு வரும் கடிதம், நூல் விரித்தபடி கிடக்கும் மேசை ஆகியவை ஒரு மனிதனை எவ்வளவு நிமிர்த்துகின்றன என்பதை உடலால் அறிந்துகொள்வதே குடியமர்வின் பயன். அதனை அறிந்தவன், அவை இல்லாத இடத்தை இயல்பானது என இனி ஏற்கமாட்டான். தோட்டத்து வீட்டுக்கு ஓர் இலக்கம் வேண்டும், பாதைக்கு ஒரு பெயர் வேண்டும், பிள்ளை படிக்க ஓர் அறை வேண்டும் என்பன அவன் வாயில் வெறும் கோரிக்கைகளாக இரா. அனுபவித்துத் தெளிந்த உண்மைகளாக இருக்கும்.

பல்கலைக்கழகங்களில் முன்னரே இடம்பிடித்துக்கொண்ட மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. புதிதாக வருபவன் எதையும் கேட்கமாட்டான். இருமினால் அடுத்த வீட்டார் விழிப்பர் என அஞ்சி வளர்ந்தவன் அவன். வாளி எங்கே வாங்குவது, பதிவு அலுவலகத்துக்கு எவ்வெத் தாள்கள் வேண்டும், விடுமுறையில் உணவு எங்கே கிடைக்கும் என்பவற்றை அவன் கேட்குமுன் ஒருவர் சென்று கூறுதல் வேண்டும். மகலனோபிஸ் அன்று செய்தது அவ்வளவே: நண்பனின் கட்டிலருகே சென்றார், கம்பளியை விலக்கிக் காட்டினார். அதற்குப் பெருஞ்செல்வம் தேவைப்படவில்லை, அறிவுத்திறனும் தேவைப்படவில்லை.

தொல்காப்பியம் விதித்த மூன்று ஆண்டே இன்றும் தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டத்துக்குரிய காலமாக அமைந்துள்ளது. அக்காலம் முடிய, விடுதிச் சாவி அலுவலகத்தில் ஒப்படைக்கப்படும். அவ்வறை இன்னொருவன் பெயருக்கு மாறும். சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு மாணவன் தயங்கவேண்டியதில்லை. ஓர் அறைக்கு உரியவனாக வாழ்ந்து பழகிய மூன்று ஆண்டுகளை அவனிடமிருந்து எவரும் திரும்பப் பெற இயலாது. வெலிமடைப் பாதையில் பஸ் வண்டியிலிருந்து இறங்கி லயத்தை நோக்கி நடப்பவன், அளவுகோல் ஒன்றைத் தன்னோடு கொண்டுவருகின்றான். பத்துக்குப் பன்னிரண்டு என்பது ஒரு குடும்பத்துக்குப் போதாது என்பதை இனி அவனுக்கு எவரும் கணக்கிட்டுக் காட்டவேண்டியதில்லை.